பியானோவின் தந்தை கிறிஸ்டோஃபரி



இந்த மாதச் சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு எழுத என் முறை. காந்தி, காமராசர், அப்துல் கலாம், மேரி கியூரி எல்லாரையும் முன்னாடியே எழுதிட்டாங்க. நான் எழுதப் போறவர் பெயர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபரி. மேல்நாட்டு இசை வரலாறு எதைத் திறந்தாலும் இந்தப் பெயர் இருக்கும். பியானோவைக் கண்டுபிடிச்சவர் இவர்தான்.

இவரை நான் தேடிப் போனதுக்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் திருவண்ணாமலைக்குக் கீபோர்டு வகுப்புக்குப் போறேன். மல்லாட்டை வித்த காசுல ஒண்ணு வாங்கித் தரேன்னு அப்பா சொல்லியிருந்தார். மே மாத லீவுல மாமா எங்களைச் சென்னையில ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனார். 61 கட்டை உள்ள ஒரு கீபோர்டு, நூத்துக்கணக்கான சத்தம், கலர் கலரா விளக்கு. எனக்கு அதுதான் பிடிச்சது. பக்கத்துல 88 கட்டையோட கறுப்புப் பலகை மாதிரி இன்னொண்ணு. டிஜிட்டல் பியானோவாம். அதுல சத்தமே கொஞ்சம்தான்; விலையோ மூணு மடங்குக்கு மேல. மூலையில ஒரு நிஜ பியானோ இருந்தது. கடை அண்ணன் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு கட்டையை அமுக்கினேன். உள்ளே ஏதோ ஒண்ணு கிளம்பிப் போய் அடிச்சுட்டுத் திரும்புறது விரலுக்கே தெரிஞ்சது! அப்புறம் விளக்கு போட்ட கீபோர்டைத் தொட்டா லைட் சுவிட்சைத் தட்டுற மாதிரி இருந்தது. கறுப்புப் பலகை மட்டும் நிஜ பியானோவுக்குக் கிட்ட வந்தது. ரெண்டுலயும் சத்தம் வருதே, அப்புறம் எதுக்கு மூணு மடங்கு காசுன்னு அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. வாங்காமலே பஸ் ஏறிட்டோம். அந்தப் பதிலைத் தேடினப்பதான் இவர் கிடைச்சார்.

கிறிஸ்டோஃபரி 1655-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் இத்தாலியில் உள்ள பதுவா நகரில் பிறந்தார். பதுவை அந்தோணியார் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே ஊர்தான். இவருடைய இளமைக்காலம் பற்றிப் பெரிதாகக் குறிப்புகள் இல்லை. 33 வயதில், 1688-இல், புளோரன்ஸ் நகரத்து இளவரசர் ஃபெர்டினாண்டோ டி மெடிச்சி இவரை வேலைக்கு அழைத்தார். முதலில் போக இவருக்கு விருப்பமே இல்லையாம். இளவரசர்தான் விடாமல் சம்மதிக்க வைத்தார். போன இடத்தில் சுமார் நூறு பேர் வேலை செய்கிற பட்டறை. அந்த இரைச்சலில் வேலை செய்யவே கஷ்டமா இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சுருதி பார்க்கிறவருக்கு நூறு பேர் சத்தம் எப்படி இருந்திருக்கும்!

இளவரசருக்கு இசைக்கருவி என்றால் உயிர். அவரிடம் இருந்த கருவிகளுக்குச் சுருதி சேர்ப்பது, பழுது பார்ப்பது, புதிதாகச் செய்வது எல்லாம் கிறிஸ்டோஃபரியின் வேலை. இடம் அடைக்காத சின்னக் கருவிகளும் செய்தார். 1690-இல் அவர் செய்த முட்டை வடிவ ஸ்பினெட் இன்றும் இருக்கிறது.

அப்போது பெரிய சபையில் வாசித்தது ஹார்ப்சிகார்ட் என்ற கருவி. கட்டையை அமுக்கினால் ஒரு சின்ன இறகுக் காம்பு கம்பியைச் சுண்டிவிடும், நாம் வீணையை மீட்டுவது போல. ஆனால் மெதுவாக அமுக்கினாலும் ஓங்கி அமுக்கினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். கிளாவிகார்ட் என்று இன்னொன்று உண்டு. அதில் விரலுக்கு ஏற்றபடி சத்தம் கூடும் குறையும். ஆனால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கருவி வேண்டும். கம்பியைச் சுண்டாமல் சுத்தியலால் அடித்தால் என்ன என்று இவர் யோசித்தார்.

கேட்க சுலபமா இருக்கு இல்லையா? நம்ம பள்ளியில் மணிக்குப் பதிலா தொங்குற தண்டவாளத் துண்டை நினைச்சுக்கோங்க. இரும்புக் கம்பியால அடிச்சதும் கையை எடுத்துட்டா கணீர்னு கேக்கும். அடிச்ச கம்பியை அதுமேலேயே அழுத்திப் பிடிச்சா தொப்புன்னு செத்துடும். (நான் ஆறாம் வகுப்புல அப்படிச் செஞ்சு திட்டு வாங்கியிருக்கேன்.) பியானோவிலும் இதே சிக்கல். விரல் கட்டை மேலேயே இருக்கும். ஆனால் உள்ளே சுத்தியல் மட்டும் அடித்தவுடன் விலக வேண்டும். கிறிஸ்டோஃபரி இதற்கு ஒரு அருமையான வழி செய்தார். கட்டை சுத்தியலை மேலே தள்ளும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் தள்ளுகிற குச்சி நழுவிவிடும். மிச்ச தூரத்தைச் சுத்தியல் தானாகவே பறந்து போய் அடித்துவிட்டு விழும். விழுந்தது எகிறித் திரும்ப அடிக்காமல் இருக்க ஒரு பிடி. விரலை எடுத்ததும் கம்பியை அமைதியாக்க ஒரு தடை. சுத்தியலின் தலையைக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி, மேலே தோல் வைத்துச் செய்தார். இவ்வளவும் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக!

1700-ஆம் ஆண்டில் எழுதிய அரண்மனைக் கருவிப் பட்டியலிலேயே இந்தப் புதிய கருவி இருக்கிறது. மெதுவாகவும் உரக்கவும் ஒலிப்பது என்ற குறிப்போடு எழுதினார்கள். இத்தாலிய மொழியில் மெதுவுக்குப் பியானோ, உரக்கவுக்கு ஃபோர்ட்டே. நாளடைவில் பாதிப் பெயர் போய் பியானோ மட்டும் நின்றது. அவ்வளவு பெரிய கருவிக்கு ‘மெதுவாக’ என்று பெயர்!

உலகம் உடனே கொண்டாடவில்லை. ஒலி மந்தமாக இருக்கிறது என்று இசைக்காரர்கள் சிலர் குறை சொன்னார்கள். 1711-இல் மஃபேய் என்ற எழுத்தாளர் இந்தக் கருவி பற்றிப் படத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். 1713-இல் இளவரசர் இறந்துபோனார். கிறிஸ்டோஃபரி ஊரை விட்டுப் போகவில்லை. 1716-இல் அரண்மனைக் கருவிகளுக்கெல்லாம் காப்பாளர் ஆனார். கடைசி வரை பியானோவைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1731 ஜனவரி 27-இல் 75 வயதில் மறைந்தார். பியானோவுக்கென்றே எழுதிய முதல் இசைத் தொகுப்பை ஜூஸ்டினி என்பவர் வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1732-இல். இவர் பார்க்கவில்லை. இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்தது.

மஃபேயின் கட்டுரை 1725-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. பிறகு ஜெர்மனியில் சில்பர்மான் என்பவர் கிறிஸ்டோஃபரியின் முறையிலேயே பியானோ செய்தார். அதை வாசித்துப் பார்த்த மேதை பாக், கட்டை கனமாக இருக்கிறது என்று குறை சொன்னாராம். சில்பர்மான் திருத்தினார். 1747-இல் பிரஷ்ய அரசரின் அரண்மனையில் பாக் சில்பர்மான் பியானோக்களை வாசித்தார். நம்ம ஊரை எடுத்துக்கொண்டால், சென்னையில் 1842-லேயே மிஸ்குவித் கம்பெனி தொடங்கிவிட்டது. அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் என்று பெயர் பெற்ற கடை அதுதான்.

கிறிஸ்டோஃபரி செய்த பியானோக்களில் மூன்று மட்டும் மிஞ்சியுள்ளன. 1720-இல் செய்தது நியூயார்க்கிலும், 1722-இல் செய்தது ரோமிலும், 1726-இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் இருக்கின்றன. 1726 பியானோவுக்கு 49 கட்டைகள்தான். இன்றைக்கு 88.

இப்ப கடைக்கு வருவோம். அந்தக் கறுப்புப் பலகைக்குள்ளே கம்பி கிடையாது. சத்தம், நிஜ பியானோவிலிருந்து பதிவு செய்தது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் கனம் வைத்திருக்கிறார்கள். இடப்பக்கம் கனம் அதிகம், வலப்பக்கம் குறைவு, நிஜ பியானோவில் போலவே. கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்று சென்சார் அளந்து, அதற்கேற்ற சத்தம் கொடுக்கும். ரோலண்ட் எஃப்பி 30எக்ஸ் போன்ற சிலவற்றில் மெதுவாக அமுக்கினால் ஒரு சின்ன ‘டக்’ விரலில் படும். கிறிஸ்டோஃபரியின் குச்சி நழுவுகிற இடம்தான் அது! நிஜ பியானோவை எங்க வீட்டு மாடிப்படியில ஏத்த முடியாது. இது 10, 15 கிலோதான்.

அடுத்த தடவை போனா என்ன பார்க்கணும்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒரு கட்டையை ரொம்ப ரொம்ப மெதுவா அமுக்கணும், சத்தமே வரக்கூடாது. அப்புறம் அதே கட்டையை வேகமா திரும்பத் திரும்பத் தட்டணும், ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. சத்தத்தைக் குறைச்சு வச்சு வாசிச்சா கட்டை லொட லொடன்னு ஆடக் கூடாது. எத்தனை சத்தம் இருக்குன்னு கேக்கவே போறதில்ல.

போன வாரம் அப்பாவுக்குத் தண்டவாளத்தை வச்சே விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு, சரி, அந்தக் கறுப்புப் பலகையே வாங்கலாம், ஆனா இந்தப் போகம் காசு பத்தாது, அடுத்த போகமும் சேரணும்னு சொன்னார். 61 கட்டைன்னா தீபம் முடிஞ்சதும் கிடைச்சிருக்கும். ராத்திரி முழுக்க யோசிச்சேன். காத்திருக்கிறேன்னு சொல்லிட்டேன்.

வீட்டுல அட்டையில 88 கட்டை வரைஞ்சு ஒட்டியிருக்கேன். வகுப்புல பெஞ்சு மேல விரல் தட்டுற சத்தம் கேட்டா அது நான்தான், மன்னிச்சிடுங்க.

– பதினோராம் வகுப்பு மாணவி, கீழ்பென்னாத்தூர்