கதை எழுதிய மாணவத் தலைவி

மலோரி டவர்ஸ், சென் கிளெயர்ஸ் என்ற பெயர்களைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பாடசாலை நூலகத்தின் ஓர் அலுமாரி நினைவுக்கு வரும். விடுதியில் இருந்தவர்கள் நடுநிசி விருந்துக்கு ஆசைப்பட்டதும் அந்தப் புத்தகங்களால்தான். அவற்றை எழுதிய எனிட் பிளைற்றனும் ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவியே. ஆனால் அவருடைய பிள்ளைப்பருவம் அவருடைய கதைகளைப் போல் இருக்கவில்லை.

1897 ஆகஸ்ட் 11ஆம் திகதி இலண்டனின் கிழக்கு டல்விச்சில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கையில் கக்குவான் கண்டு, விடியும்வரை தாங்காது என்று வைத்தியரும் கைவிட்ட நிலையில், தந்தை தோமஸ் இரவு முழுவதும் அவரை மடியில் வைத்திருந்து காப்பாற்றினார். கத்தி, கரண்டி விற்கும் வியாபாரத்தில் இருந்த அவருக்குப் பூக்களிலும் பறவைகளிலும் இசையிலும் தீராத ஈடுபாடு. மகளைக் காடு மேடெல்லாம் கூட்டிச் சென்று ஒவ்வொன்றின் பெயரும் சொல்லிக் கொடுத்தார், பியானோவும் பழக்கினார். தாயார் திரேசாவுக்கோ மகள் வீட்டுவேலை பழகவேண்டும் என்பதே எண்ணம். தம்பிமார் இருவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை!

1910இல், எனிட்டுக்குப் பதின்மூன்று வயது நிறையும் தறுவாயில், தந்தை வேறொரு பெண்ணுடன் வாழ வீட்டைவிட்டுப் போய்விட்டார். அயலார் கேட்டால் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றே சொல்லவேண்டும் என்பது தாயாரின் கட்டளை. குடும்பம் வேறு வீட்டுக்கு மாறியது. எனிட் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். அது வீண்வேலை என்று தாயார் கண்டித்தும் நிறுத்தவில்லை.

பாடசாலையில் இந்தத் துயரம் ஒருவருக்கும் தெரியாது. பெக்கன்ஹாமிலிருந்த சென் கிறிஸ்ரோபர்ஸ் பாடசாலையில் அவர் மாணவத் தலைவி, லக்ரோஸ் அணித்தலைவி, ரெனிஸிலும் முதல்வர். தோழிகளோடு சேர்ந்து கையெழுத்துச் சஞ்சிகையும் நடத்தினார். அத்தனை தோழிகளுக்கு நடுவே இப்படியொரு இரகசியத்தைச் சுமந்த பிள்ளையை எண்ணினால் மனம் கனக்கிறது.

இசைப்படிப்பைக் கைவிட்டு, 1916இல் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1922இல் முதல் நூல் வெளிவந்தது. அதன்பின் ஓயவேயில்லை, ஏறத்தாழ எழுநூறு நூல்கள். பீக்கன்ஸ்பீல்டில் கிறீன் ஹெட்ஜஸ் என்ற தம் வீட்டில், காலையுணவு முடிந்ததும் தட்டச்சுப்பொறியை மடியில் வைத்துக்கொண்டு அமர்வார். மாலைவரை, மதிய உணவுக்கு மட்டுமே இடைவெளி. ஒரு நாளில் ஆறாயிரம் முதல் பத்தாயிரம் சொற்கள் எழுதுவார். முன்கூட்டியே திட்டம் போடுவதில்லை. கண்ணை மூடினால் பாத்திரங்கள் வந்து நடிக்கத் தொடங்கும், அதைப் பார்த்து எழுதுவதே தம் வேலை என்பார். உலகெங்குமிருந்து வந்த சிறுவர்களின் கடிதங்களுக்குத் தம் கையாலேயே பதில் எழுதினார்.

சொந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியது? மூத்த மகள் ஜிலியன் அன்பான தாயையே நினைவுகூர்ந்தார். இளையவர் இமோஜனோ, தாய்ப்பாசம் அறியாமல் வளர்ந்ததாகப் பின்னாளில் நூலே எழுதினார். ஒரே வீட்டில் வளர்ந்த இருவர். இருவரையும் நம்பத்தான் வேண்டும். 1950இல் தாயார் இறந்தபோது எனிட் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. அந்தப் பூட்டிய கதவு கடைசிவரை திறக்கவேயில்லைப் போலும்.

முதல் மணம் முறிந்தபின், 1943இல் கெனத் டரல் வோட்டர்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணரை மணந்தார். இறுதி ஆண்டுகளில் நினைவு மங்கி, 1968 நவம்பர் 28இல் காலமானார்.

1946இல் வெளிவந்த மலோரி டவர்ஸின் முதல் நூலை இன்னொருமுறை எடுத்துப் பாருங்கள். கதாநாயகி டரல் ரிவர்ஸின் பெயர் அந்தக் கணவரின் பெயரிலிருந்து வந்தது. அவளுடைய அப்பாவும் சத்திரசிகிச்சை நிபுணர்தான். டரலின் தோழி சலி கடும் நோயில் வீழ்ந்தபோது பாடசாலைக்கு வந்து அவளைக் காப்பாற்றுபவரும் அந்த அப்பாவே.