தாய்மையும் உரிமையும்

குடும்பக் கட்டுப்பாடு என்றதும் மக்கள்தொகைப் பெருக்கமும் வறுமையுமே நம் நினைவுக்கு வரும். அதனைப் பெண் விடுதலையோடு இணைத்துச் சிந்தித்தவர் தந்தை பெரியார்.

ஈ.வெ. இராமசாமி 1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ஈரோட்டில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில் நாகம்மையாரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண்மகவு ஐந்து திங்களுக்குள் மறைந்தது. சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்த தம் உடன்பிறந்தாளின் மகளுக்கு, உறவினரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மறுமணம் செய்துவைத்தார். பெண்களின் துயரை அவர் தம் வீட்டிலேயே கண்டவர்.

1925இல் ‘குடிஅரசு’ இதழைத் தொடங்கினார். அக்காலத்தில் இளவயதிலேயே மணமுடிக்கப்பட்ட பெண்கள் அடுத்தடுத்துக் கருவுற்று உடல் நலிந்தனர். மகப்பேற்றில் உயிர்நீத்தோர் பலர். ஆயினும் கருத்தடை பற்றிப் பேசுவதற்கே பலர் கூசினர். காந்தியடிகள் செயற்கை முறைகளை ஏற்காது புலனடக்கத்தை வலியுறுத்தினார். கருத்தடையை ஆதரித்தோர் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் பொருள்நிலையையும் நாட்டின் வளத்தையும் காரணமாகக் காட்டினர்.

பெரியாரின் பார்வை இவற்றினும் வேறானது. ஓயாத பிள்ளைப்பேறு பெண்ணை வீட்டோடு பிணைத்து, பிறரைச் சார்ந்து வாழச் செய்கிறது. எனவே அவள் தன் விருப்பப்படி வாழவே கருத்தடை வேண்டும் என்று அவர் வாதிட்டார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் அவரது நூலில் இதற்கெனத் தனிக் கட்டுரையே உண்டு.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1931இல் அம்மாநாடு விருதுநகரில் கூடியபோது, இயக்கத்தின் குரல் கரிசல் மண்ணிலும் ஒலித்தது.

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டை நாடு தழுவிய திட்டமாக்கியது. முன்பு பேசவே கூசிய செய்தி அரசின் கொள்கையாக மாறியதைக் கண்ட பெரியார், 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தார்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே பிறக்கின்றன. ஆலங்குளம் போன்ற ஊர்களின் பெண்களும் இன்று அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் குடும்பநல ஆலோசனை பெற முடிகிறது. எனினும் கருத்தடை அறுவை மருத்துவத்தின் சுமை இன்றும் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. முடிவெடுக்கும் உரிமை பெண்ணிடம் முழுமையாக வந்து சேர்ந்ததா என்பதே பெரியாரின் வாழ்வு நம்முன் வைக்கும் வினா.