மொரிட்ஸ் கபோசி (1837 – 1902)

ஹங்கேரியின் கபோஸ்வார் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் மொரிட்ஸ் கோன். வியன்னாவில் மருத்துவம் கற்று 1861 இல் பட்டம் பெற்றார். 1871 இல் பிறந்த ஊரை நினைவூட்டும் கபோசி என்ற பெயரைச் சூடிக்கொண்டார். தோல் மருத்துவத்தின் முன்னோடியான ஹெப்ரா இவரது ஆசானும் மாமனாரும் ஆவார்.

இருவரும் 1870களில் புதிய நோயொன்றை விபரித்தனர். வெயில் பட்ட இடமெல்லாம் சிறுவரின் தோல் உலர்ந்து, புள்ளிகள் தோன்றி, இளவயதிலேயே புற்றுநோய் உண்டாயிற்று. கபோசி 1882 இல் இதற்குச் ‘சீரோடேர்மா பிக்மென்டோசம்’ எனப் பெயரிட்டார். நிறமேறிய உலர்தோல் என்பது பொருள். காரணத்தை அவர் அறியார். மெண்டல் அதே பேரரசில் 1866 இல் வெளியிட்ட பரம்பரை விதிகளும் அப்போது கவனிக்கப்படாமலே கிடந்தன. (1900 என்பது அவை மீளக் கண்டறியப்பட்ட ஆண்டு, குழம்பவேண்டாம்.)

கழியூதாக் கதிர்கள் தோற்கலங்களின் டீ.என்.ஏ.யைச் சேதப்படுத்துகின்றன. சாதாரண கலங்கள் சேதமுற்ற பகுதியை வெட்டி நீக்கிப் பழுதுபார்க்கும். இந்நோயாளரின் கலங்களால் அது இயலாதென 1968 இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். இது பின்னிடைவான இயல்பு: பெற்றோர் இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் ஏற்படும் நிகழ்தகவு 1/4. நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. வெயிலைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. உயரம் கூடக் கழியூதாக் கதிர்களும் கூடும். ஆகவே சுமார் 1000 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவின் குளிர்ந்த காலை வெயிலும் இத்தகைய பிள்ளைக்கு ஆபத்தானதே.