பலூன் விற்றவர் டயர் செய்தார்!

செங்கல்பட்டில் இருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில், வாலாஜாபாத்துக்கு முன்னால் பழையசீவரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் பாலாறு. இன்னொரு பக்கம் சின்ன மலை. மலையில் லட்சுமி நரசிம்மர் கோவில். பொங்கலை ஒட்டி, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் இந்த மலைக்கு பார்வேட்டைக்கு எழுந்தருள்வார். அன்றைக்கு கார், வேன், பஸ், டிராக்டர் என்று வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் வளைவில் திரும்பும்போது, அதை சாலையை விட்டு ஓடிவிடாமல் பிடித்து வைத்திருப்பது எது? இன்ஜினா? ஸ்டீயரிங்கா? பிரேக்கா? மூன்றும் இல்லை. டயர்தான்! அதுவும் முழு டயர் அல்ல; ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் இடம், பெரியவர்களின் ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் நாம் அனைவரும் காரில் போகிறோம்.

அந்த ரப்பர் நம் ஊர் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று, தன் வாழ்நாளையே கொடுத்து உழைத்த ஒருவரின் கதைதான் இது. சச்சின் டெண்டுல்கரின் பேட்டில் எம்.ஆர்.எப். என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். 'மெட்ராஸ் ரப்பர் பேக்டரி' என்பதன் சுருக்கம் அது. அதைத் தொடங்கியவர், கே.எம்.மாமன் மாப்பிள்ளை.

கேரளத்தில் வசதியான குடும்பம் ஒன்றில், 1922 நவம்பர் 28ல் பிறந்தார் மாமன் மாப்பிள்ளை. அப்பா கே.சி.மாமன் மாப்பிள்ளை, 'மலையாள மனோரமா' நாளிதழின் ஆசிரியர். வங்கியும் நடத்தி வந்தார். ஆனால், அந்த வசதி நீடிக்கவில்லை.

அப்போது திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. சமஸ்தான அரசுக்கும் இவர் குடும்பத்துக்கும் மோதல் வந்தது. 1938ல், குடும்பத்தின் வங்கியான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி நொடித்துப் போனது. நாளிதழ் அலுவலகத்துக்கு சீல் வைத்தனர். அப்பா சிறைக்குப் போனார். அப்போது மாமன் மாப்பிள்ளைக்கு வயது வெறும் 15. நேற்று வரை பெரிய வீட்டுப் பிள்ளை. இன்று எதுவும் இல்லை!

இருந்தாலும் படிப்பை விடவில்லை. சென்னைக்கு வந்து, மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். படித்து முடித்ததும் என்ன செய்வது? வேலைக்குப் போகலாம். ஆனால், சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. கையில் பெரிய முதல் கிடையாது. 1946ல், வடசென்னை திருவொற்றியூரில் ஒரு சின்ன கொட்டகை போட்டார். அங்கே அவர் தயாரித்த பொருள் என்ன தெரியுமா? குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன்!

ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்து, காய வைத்து உரித்தால் பலூன். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. பலூன்களை மூட்டையாகக் கட்டி, தானே கடைகடையாக ஏறி இறங்கி விற்றார். வெட்கப்படவில்லை. பிறகு ரப்பர் பொம்மை, கையுறை என்று தொழில் கொஞ்சம் வளர்ந்தது. 1949ல், சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகம் திறந்தார்.

அப்போதுதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. பஸ், லாரி டயர்கள் தேய்ந்து போனால் உடனே தூக்கிப் போட மாட்டார்கள். டயரின் உடம்பு நன்றாக இருந்தால், தேய்ந்த மேல்பகுதியைச் சுரண்டிவிட்டு, புது ரப்பரை ஒட்டி, சூடுபடுத்தி இறுக வைத்து மறுபடி ஓட்டுவர். இதற்குப் பெயர் ரீட்ரெடிங். அந்த மேல் ரப்பரை 'டிரெட் ரப்பர்' என்பர். அன்றைக்கு அதை விற்றவை எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள். நம் நாட்டிலேயே ரப்பர் மரம் இருக்கிறது. நாமே இதைச் செய்தால் என்ன என்று யோசித்தார் மாமன் மாப்பிள்ளை. 1952ல் இறங்கிவிட்டார்.

இது பலூன் மாதிரி விளையாட்டு அல்ல குட்டீஸ்! பலூன் வெடித்தால் குழந்தை அழும், அவ்வளவுதான். டிரெட் ரப்பர் பிய்ந்தால் பஸ்சே கவிழலாம். வெறும் ரப்பர் வெயிலில் இளகும். சாலையில் சீக்கிரம் தேயும். அதனால், அதில் கந்தகம் சேர்த்து சூடாக்கி உறுதியாக்குவர். கார்பன் கரியும் சேர்ப்பர். டயர் ஏன் கறுப்பு என்று கேட்டால் இதுதான் பதில். கரி சேர்ந்தால் ரப்பருக்கு வலிமை கூடும், தேய்மானம் குறையும். எதை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் டயரின் தரமே இருக்கிறது. ரப்பர் ரொம்ப கெட்டியாக இருந்தால் ரொம்ப நாள் உழைக்கும். ஆனால், ஈரச் சாலையில் வழுக்கும். ரொம்ப மென்மையாக இருந்தால் சாலையை நன்றாகப் பிடிக்கும். ஆனால், சீக்கிரம் தேய்ந்துவிடும். சாம்பாரில் உப்பு, புளி மாதிரி, அளவு சரியாக அமைய வேண்டும்.

மாமன் மாப்பிள்ளையின் டிரெட் ரப்பர் சரியாக அமைந்தது. நாலைந்து ஆண்டுகளிலேயே இந்தியாவில் விற்ற டிரெட் ரப்பரில் பாதி அவருடையதாகிவிட்டது.

பலரும் இத்துடன் திருப்திப்பட்டு உட்கார்ந்திருப்பர். அவர் அப்படி இல்லை. மேல் ரப்பர் செய்கிறோம். முழு டயரையும் செய்தால் என்ன? அப்போது இந்தியாவில் டயர் என்றாலே டன்லப், பயர்ஸ்டோன், குட்இயர் ஆகிய வெளிநாட்டுப் பெயர்கள்தான். அவற்றோடு மோத தொழில்நுட்பம் வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்த மான்ஸ்பீல்டு டயர் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1961ல் திருவொற்றியூரில் முதல் டயர் வெளிவந்தது.

இனி கவலை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தனர். அங்கேதான் வந்தது சோதனை!

அமெரிக்க முறையில் செய்த டயர், நம் சாலைக்குப் பொருந்தவில்லை. டயர் மோசம் என்று அர்த்தம் இல்லை. அது வேறு ஊருக்காகப் பிறந்த டயர். அங்கே சாலைகள் வழவழப்பானவை. நம் சாலைகளோ அன்று குண்டும் குழியும். கூர்மையான ஜல்லி, மாட்டு லாடத்தின் ஆணி, கொளுத்தும் வெயில்... போதாததற்கு, லாரிகளில் அளவுக்கு மேல் பாரம்!

பாரம் கூடினால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். வளையும் இடம் சுடும் அல்லவா? அது போலவே டயரும் சூடாகும். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் பிரிந்து, கடைசியில் டயர் வெடித்துவிடும். ஓடுகிற வண்டியில் முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் ஒரே பக்கம் இழுக்கும். டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டியை அடக்குவது கஷ்டம். ஆக, இது லாபம், நஷ்டம் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. உயிர் பற்றிய விஷயம்.

மாமன் மாப்பிள்ளை முன் இரண்டு வழிகள் இருந்தன. வெளிநாட்டு முறையை அப்படியே வைத்துக்கொண்டு, சாலைமேல் பழி போடலாம். அல்லது, நம் சாலைக்கு ஏற்ற டயரை நாமே கண்டுபிடிக்கலாம். அவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். சொந்தமாக ஆராய்ச்சி செய்வது என்று முடிவானது. திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையம் கட்ட, 1963ல் அடிக்கல் நாட்டியவர் யார் தெரியுமா? நம் நேரு மாமா!

கலவையை மாற்றி, அடுக்குகளை உறுதியாக்கி, நம் ஊர் பாரத்துக்கும் பள்ளத்துக்கும் தாங்குகிற டயர் மெல்ல மெல்ல உருவானது. டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பயில்வான் சின்னத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1964ல் விளம்பரக் கலைஞர் அலிக் பதம்சி உருவாக்கிக் கொடுத்தது அது. லாரி டிரைவர்களுக்கு டயர் என்றால் முதலில் பலம்தான் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு அமைத்த சின்னம்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1967ல் இவரது டயர்கள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதி ஆயின! எந்த நாட்டில் இருந்து தொழில் கற்க ஆரம்பித்தாரோ, அந்த நாட்டுக்கே டயர் விற்ற முதல் இந்திய நிறுவனம் என்ற பெயர் கிடைத்தது. 1973ல், நைலான் நூல் அடுக்கு வைத்த கார் டயர்களை இந்தியாவில் முதன்முதலாக வணிக அளவில் கொண்டுவந்தனர். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். நைலான் இற்றுப் போகாது, பள்ளத்தில் இறங்கும் அடியையும் தாங்கும். அரக்கோணத்திலும் தொழிற்சாலை வந்தது. அது நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கம்தான்.

டயரின் தரம் மட்டும் போதுமா? அளவும் சரியாக இருக்க வேண்டும். அம்பாசிடர் காருக்கு 15 அங்குல சக்கரம். மாருதி 800க்கு 12 அங்குலம்தான். பெரிய சக்கரம் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டும். சின்ன சக்கரம் அதே பள்ளத்தில் 'தொபுக்'கென்று இறங்கும். அதனால், சிலர் அழகுக்காகவும் பந்தாவுக்காகவும் பெரிய டயர் மாட்டுவர். அங்கேதான் ஆபத்து!

அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? காருக்கும் அதே கதைதான். டயரின் மொத்த உயரம் கூடினால், ஒரு சுற்றில் கார் கூடுதல் தூரம் போகும். ஸ்பீடாமீட்டருக்கு இது தெரியாது. உயரம் 5 சதவீதம் கூடினால், முள் 60 காட்டும்போது கார் உண்மையில் 63 கி.மீ. வேகத்தில் போகும். வளைவில் டயர் மட்கார்டில் உரசலாம்.

அகலமான டயர், காய்ந்த சாலையை நன்றாகப் பிடிக்கும். ஆனால், ஸ்டீயரிங் கனமாகும்; பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மழைத்தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போனால், தண்ணீர் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக் போட்டாலும் நிற்காது. டயரில் இருக்கும் பள்ளக் கோடுகள் அழகுக்கு அல்ல. தண்ணீரை வெளியே தள்ளத்தான். அதனால்தான் மழைக்காலத்தில் மொட்டை டயர் கூடவே கூடாது.

பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குலுக்கல் குறையும்; ஆனால், வளைவில் கார் கொஞ்சம் ஆடும். குட்டையாக இருந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால், பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். அந்தக் காருக்கும், அது ஓடும் சாலைக்கும் பொருந்துவதே நல்ல டயர்.

மாமன் மாப்பிள்ளைக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2003 மார்ச் 3ல், 80 வயதில் சென்னையில் காலமானார். கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிய நிறுவனம், அதற்குள் இந்தியாவின் முன்னணி டயர் நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது.

வீடு நொடித்துப் போனபோது அவர் உடைந்து உட்காரவில்லை. பலூன் விற்க வெட்கப்படவில்லை. கடன் வாங்கிய அறிவு கைகொடுக்காதபோது, சொந்த அறிவைத் தேடினார். அடுத்தவர் எப்படிச் செய்கிறார் என்று கற்றுக்கொள்வது நல்லது. அது நமக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அதைவிட நல்லது. சரிதானே குட்டீஸ்!

டயரைப் படிக்கலாம் வாங்க!

* கார் டயரின் பக்கத்தில் 165/80 ஆர் 14 என்பது போல் எழுதியிருக்கும். 165 என்றால் அகலம், மில்லி மீட்டரில். 80 என்றால் பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். அதாவது 132 மி.மீ. ஆர் என்றால் ரேடியல் டயர். 14 என்றால் ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

* டயரின் பள்ளக் கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன மேடு தெரியும். ரப்பர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால், 1.6 மி.மீ. ஆழமே மிச்சம் என்று அர்த்தம். டயரை மாற்றியே ஆக வேண்டும்.

* காற்று குறைந்தால் ஓரங்கள் தேயும், டயர் சூடாகும், ஸ்டீயரிங் கனக்கும். காற்று அதிகமானால் நடுப்பகுதி மட்டும் தேயும், கார் துள்ளும், பிடிப்பு குறையும். சரியான அளவு, பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ஊருக்குக் கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போதே சரிபார்க்கச் சொல்லி அப்பா, அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்!