மஸ்ஜிதில் ஒரு மருத்துவக் கூடாரம்

காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த ஸஹாபியப் பெண்மணிகளுள் முன்னணியில் நிற்பவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) அவர்கள். காயங்களுக்கு மருந்திடுவதில் தேர்ச்சி பெற்றிருந்த அன்னார், கவனிக்க ஆளில்லாத முஸ்லிம்களுக்கு ஊழியம் புரிவதையே தம் வாழ்வின் பணியாக ஆக்கிக் கொண்டார்கள். அதற்கான கூலியை அல்லாஹ்விடம் மட்டுமே ஆதரவு வைத்தார்கள். மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியில் அவர்களின் கூடாரம் இருந்தது.

ஹிஜ்ரி 5 (கி.பி. 627)இல் அகழ்ப் போர் நடந்தது. அவ்ஸ் கோத்திரத்தின் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் எதிரியின் அம்பு பாய்ந்து பெரிய இரத்த நாளம் அறுந்தது. அவர்களுக்கு வீடும் சுற்றமும் இல்லாமலில்லை. எனினும் பெருமானார் (ஸல்) அவர்கள், அவரை ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் சேர்க்குமாறு கட்டளையிட்டார்கள். அருகிலிருந்தே நலம் விசாரிக்க வேண்டும் என்பதே நோக்கம். காலையிலும் மாலையிலும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் எப்படி இருக்கிறீர் என்று கேட்டு வந்தார்கள். இரத்தம் நிற்பதற்காகத் தம் கரத்தாலேயே சூடிட்டார்கள். கை வீங்கவே, மறுமுறையும் சூடிட்டார்கள்.

பனூ குறைழா விவகாரத்தில் தீர்ப்புக் கூற ஸஅத் (ரலி) அழைக்கப்பட்டபோது, கழுதையின் மீது தோல் மெத்தை விரித்து, அதன்மேல் அமர்த்தி அழைத்துச் சென்றார்கள். பின்னர், ஆறிவந்த காயம் ஓர் இரவில் திறந்துகொண்டது. இரத்தம் பக்கத்துக் கூடாரம் வரை ஓடிய பின்பே மற்றவர்கள் அறிந்தார்கள். தாம் துஆச் செய்து வேண்டியிருந்த ஷஹாதத்தை ஸஅத் (ரலி) அடைந்தார்கள். பணிவிடை நம் கடமை. முடிவு அல்லாஹ்வின் கையில் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் வீடுகளிலும் படுக்கையில் கிடக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. வாதத்தால் உணர்விழந்தவருக்கு வலிகூடத் தெரியாது. குகைவாசிகளை அல்லாஹ் வலமும் இடமும் புரட்டி வந்ததாக அல்கஹ்ஃப் அத்தியாயம் கூறுவதைச் சிந்திப்போம்! நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும். ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். காலையும் மாலையும் முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால் அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. அதன்மீது பாரம் விழாமல் படுக்க வைக்க வேண்டும். புண்ணாகிவிட்டால் மஞ்சளும் சாம்பலும் அப்பாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உளூவுக்காகக் கட்டை அவிழ்த்துப் புண்ணை நனைத்துக் கெடுத்துக்கொள்ள மார்க்கம் வற்புறுத்தவில்லை. கட்டின் மீது மஸ்ஹுச் செய்யச் சலுகை உண்டு. அதன் விவரத்தைத் தம் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டறிந்து கொள்க.

ஸஅத் (ரலி) அவர்களை மஸ்ஜிதின் கூடாரத்தில், கண்ணெதிரில் வைத்துக் கவனித்தார்கள் நம் நாயகம் (ஸல்). நாமோ நோயாளியை யாரும் எட்டிப் பாராத பின்னறையில் கிடத்துகிறோம்! ருஃபைதா (ரலி) அவர்களின் நற்பணியில் நமக்கும் பங்களிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக, ஆமீன்.