வெட்டப்பட்ட காட்சி: நோர்மன் மக்லாரனின் வாழ்க்கை

அம்மா அயன்பெட்டிக்கென்று சேர்த்து வைத்திருந்த சிரட்டைக் கரியில் ஒரு துண்டை எடுத்து, அக்காவின் மகள் பின்சுவரில் மாடொன்றைக் கீறினாள். கைபேசியைக் கதிரையோடு கட்டி வைத்தேன். அவள் ஒரு காலைத் துணியால் அழித்து, கொஞ்சம் தள்ளிக் கீற, நான் ஒரு படம் எடுப்பேன். பிறகு அடுத்த கால். பொழுதுபடும்வரை 60 படங்கள் எடுத்து ஓட்டிப் பார்த்தோம். மாடு ஐந்து செக்கன் நடந்தது. அழித்த கால்களின் மங்கல் தடமும் கூடவே வந்தது.

தென்னாபிரிக்காவின் வில்லியம் கென்ரிட்ஜ் 1989 முதல் கரியால் செய்துவரும் படங்களில் இந்தத் தடத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார். அவருக்கு நாற்பது வருடங்களுக்கு முன்னரே, 1947இல், ஒரே பஸ்டல் ஓவியத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் படம்பிடித்து ஒரு குறும்படம் செய்தவர் நோர்மன் மக்லாரன். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த பெயர். அன்றிரவு அவரது படங்களைத் திரும்பவும் பார்த்தேன்.

1914இல் ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் நகரில் பிறந்தவர். கிளாஸ்கோ கலைக் கல்லூரியில் படிக்கையில் கையில் கமரா இல்லை. பழைய பிலிம் சுருளொன்றைக் கழுவியெடுத்து அதன்மேல் நேரடியாக வர்ணம் தீட்டினார். 1936இல் ஹெலன் பிகர் என்ற சிற்பியுடன் சேர்ந்து ஆயுத வியாபாரத்துக்கு எதிராக ஒரு படம் செய்தார். அதே வருடம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படம்பிடிக்க கமராக்காரராக மட்ரிட் போனார். குண்டு விழுந்த தெருக்களை 22 வயதில் கண்டவர் அவர்.

அடுத்த போர் வருமென்று பயந்து 1939இல் நியூயோர்க்குக்குக் கப்பலேறினார். 1941இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையில் சேர்ந்தார். அங்கே அவர் முதலில் செய்தவற்றில் போர்ச் சேமிப்புக்கான விளம்பரப் படங்களும் இருந்தன. போரை வெறுத்தவர் போருக்குக் காசு சேர்க்க உதவினார். அவரைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

1949இல் யுனெஸ்கோ அவரைச் சீனாவுக்கு அனுப்பியது. கிராமங்களுக்கான சுகாதாரப் படங்கள் செய்ய உள்ளூர் ஓவியர்களைப் பழக்குவது வேலை. அவர் அங்கே இருக்கும்போதே ஆட்சி மாறியது. கனடா திரும்பினார். கொரியாவில் போர் மூண்டது. 1952இல் 'அயலவர்கள்' வந்தது.

எட்டு நிமிடப் படம். அட்டையில் வெட்டிய இரண்டு வீடுகள், இரண்டு சாய்கதிரைகள், இரண்டு மனிதர்கள். நடுவே ஒரு பூ முளைக்கிறது. இருவருக்கும் அதன்மேல் ஆசை. எல்லை எங்கே என்ற கேள்வி வருகிறது, வேலி வருகிறது, அடிதடி வருகிறது. பொம்மையை அசைப்பதுபோல உயிருள்ள மனிதர்களை ஒவ்வொரு படமாக அசைத்து எடுத்திருக்கிறார். துள்ளி, உச்சியில் நிற்கும் கணத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பிடித்ததால் அவர்கள் புல்லுக்கு மேல் மிதக்கிறார்கள். ஒலிக்கும் வாத்தியம் இல்லை. பிலிம் ஓரத்து ஒலித்தடத்தில் கோடுகளைப் பதித்தே சத்தம் உண்டாக்கினார். சிரித்துக்கொண்டே பார்ப்போம். பிறகு ஒருவன் மற்றவனின் வீட்டை உடைத்து மனைவியையும் குழந்தையையும் அடித்துக் கொல்கிறான். மற்றவனும் அதையே செய்கிறான். இருவரும் சாகிறார்கள், பூவும் மிதிபட்டுப் போகிறது.

1953இல் இதற்கு ஒஸ்கார் கிடைத்தது. விசித்திரம், ஆவணப்படப் பிரிவில். ஆனால் அமெரிக்காவில் காட்டுவதற்காகப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்படும் பகுதி வெட்டப்பட்டது. வியட்நாம் போர்க் காலத்தில் மக்களின் மனம் மாறியபோது, அதைத் திரும்பச் சேர்க்கும்படி அவரிடமே கேட்டார்கள். அதற்குள் அந்தப் பகுதியின் மூல நெகட்டிவ் அழிக்கப்பட்டிருந்தது. திரையிடும் பிரதியொன்றிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அதனால் அந்தப் பகுதியின் தரம் குறைவு.

1987 ஜனவரியில் மொன்றியலில் மக்லாரன் காலமானார். 2009இல் இந்தப் படத்தை யுனெஸ்கோ தனது உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

பாண்டிருப்புக்கு வடக்கே மருதமுனை, தெற்கே கல்முனை. எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் வருடாவருடம் பாரதக் கதை நடக்கிறது. அதுவும் பங்காளிகளின் நிலச் சண்டைதான். கூடப் படித்த மருதமுனை நண்பரோடு இந்தப் படத்தை மடிக்கணினியில் பார்த்தேன். நாங்கள் இருவரும் 1990இற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த வருடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லும் கதையில் ஒரு துண்டு இல்லை. அவர் வீட்டுக் கதையில் வேறொரு துண்டு இல்லை. எங்கள் ஆட்கள் செய்தது எங்கள் கதையில் இல்லை, அவர்கள் ஆட்கள் செய்தது அவர்கள் கதையில் இல்லை. இதை இருவரும் அறிவோம், பேசியதில்லை.

அந்த இடம் வந்தபோது படம் மங்கியது. கணினியில் ஏதோ பழுதென்று நினைத்து நண்பர் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். பழுதில்லை, ஒரு காலத்தில் வெட்டியெறிந்த காட்சி என்றேன். படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டார்.