இரண்டாவது மருந்தைத் தந்த லேமன்

காசநோய்க்கு மருந்து கண்டவர் யார் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் அமெரிக்காவின் வாக்ஸ்மன் பெயரைச் சொல்வார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிக்காக 1952-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆனால் அந்த ஊசி மருந்து தனியாக நின்று தோற்றுப் போகவிருந்த நேரத்தில் கைகொடுத்தது இன்னொரு மருந்து. அதைத் தந்தவர் யோர்கன் லேமன். மருத்துவ உலகம் அறிந்த பெரியவர்தான். நம் மக்கள்தான் கேள்விப்பட்டதில்லை.

லேமன் 1898-இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் பிறந்தார். தகப்பனார் சமயக் கல்விப் பேராசிரியர். அவருக்கு சுவீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவே, குடும்பமும் அங்கே போயிற்று. மகன் அங்கேயே மருத்துவம் படித்து, 1938-இல் கோத்தன்பர்க் நகரின் பெரிய மருத்துவமனையில் இரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் தலைவரானார்.

1940-இல் அமெரிக்காவின் பெர்ன்ஹைம் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். தலைவலிக்கு நாம் விழுங்கும் ஆஸ்பிரின் இனத்து மருந்தைக் காசநோய்க் கிருமிக்குக் கொடுத்தால், கிருமி அதிகமாகப் பிராணவாயுவை இழுக்கிறது என்பது அதன் சாரம். பலரும் படித்துவிட்டுப் போன செய்தி அது. லேமன் மட்டும் விடவில்லை. கிருமி அதை விரும்பித் தின்கிறது என்றால், பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற பொய்த் தீனியைக் கொடுத்தால் என்ன? பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத சாவி மாதிரி. 1943 மார்ச்சில் மால்மோ நகரத்து பெரோசான் மருந்துக் கம்பெனிக்கு இப்படி ஒன்றைச் செய்து தரும்படி கடிதம் எழுதினார். கம்பெனி இரசாயனி ரோஸ்டால் செய்து கொடுத்தார். அதுதான் பி.ஏ.எஸ். என்கிற மருந்து. அது வேலை செய்யும் வழி லேமன் நினைத்தது அல்ல என்று பிற்கால ஆராய்ச்சி சொல்கிறது. இருக்கட்டும், விடை சரியாக வந்ததே!

1944 அக்டோபரில் 24 வயதுப் பெண் ஒருத்திக்கு அதை வாய் வழியாகக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தாள். 1946 ஜனவரியில் லேமன் தம் மருந்தைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தார்.

அப்போது பேரும் புகழும் ஸ்ட்ரெப்டோமைசினுக்குத்தான். பிரிட்டனில் 1947-இல் அதைச் சோதித்தார்கள். ஊசி போட்டுக் கொண்ட 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர் இறந்தார்கள். ஊசி இல்லாமல் படுக்கையில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். பெரிய வெற்றி என்றுதானே நினைப்போம்? ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் முதல் கூட்டத்தில் 32 பேர் இல்லை, இரண்டாவது கூட்டத்தில் 35 பேர் இல்லை!

காரணம் என்ன? செம்பனை நிரைகளில் புல்லுக்கு மருந்து அடிக்கிற நம்மவர்களுக்கு இது தெரியும். வருடக்கணக்கில் ஒரே மருந்தை அடித்துக் கொண்டிருந்தால், எங்கேயோ நாலு புல் சாகாமல் நிற்கும். மற்ற புல் எல்லாம் கருகின இடத்தில் அந்த நாலும் விதை விட்டு மண்டிவிடும். அப்புறம் அதே மருந்தைத் தண்ணீர் மாதிரி ஊற்றினாலும் பயனில்லை. நெஞ்சுக்குள் நடந்ததும் அதுதான். கோடிக்கணக்கான கிருமிகளில் ஊசிக்கு மசியாத சில எப்படியும் இருக்கும்.

1948 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஊசியோடு லேமனின் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஊசிக்குத் தப்பிய கிருமியை பி.ஏ.எஸ். பிடித்தது, பி.ஏ.எஸ்-க்குத் தப்பியதை ஊசி பிடித்தது. மருந்துக்கு மசியாத கிருமி உண்டானவர்கள் மிகவும் குறைந்து போனார்கள். காசநோய்க்கு ஒரு மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே பிறந்தது.

சும்மா சொல்லக் கூடாது, பி.ஏ.எஸ். சாப்பிடுவது லேசான காரியமல்ல. தினம் 10 கிராம், சமயத்தில் அதற்கும் மேல். குமட்டும், வயிற்றைப் போட்டுக் கலக்கும். யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. கொட்டினால் என்ன ஆகும்? பழையபடி ஒற்றை மருந்துதான், பழையபடி தப்பிப் பிழைக்கிற கிருமிதான். இப்போதெல்லாம் வேறு மாத்திரைகள், பெரும்பாலும் ஆறு மாதம். அதிலும் ரெண்டாவது மாதம் இருமல் நின்றதும் கிளினிக் பக்கம் தலைகாட்டாத அண்ணன்மார் நம் லயங்களில் இருக்கிறார்கள்.

1956-இல் சென்னையில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப் பேரை நெருக்கமான வீடுகளிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரு வருடம் ஐசோநியாசிட் மாத்திரையும் லேமனின் பி.ஏ.எஸ்-ஸும். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அந்தத் தமிழ் ஏழைகள்.

நோபல் பரிசு லேமனுக்குக் கிடைக்கவில்லை. அவர் வாழ்ந்த நாடான சுவீடனில்தான் அந்தப் பரிசைத் தீர்மானிக்கிறார்கள். 1952-இல் முழுப் பரிசும் வாக்ஸ்மன் ஒருவருக்கே போயிற்று. நமக்கு இது நியாயமாகப் படவில்லை.

லேமன் 1989-இல், 91-ஆவது வயதில் காலமானார். நல்ல புது மருந்துகள் வந்தபின் பி.ஏ.எஸ்-ஸை ஓரம் கட்டியிருந்தார்கள். பிற்பாடு அந்தப் புது மருந்துகளுக்கும் மசியாத காசநோய் தலையெடுத்தபோது, மற்றவை கைவிட்ட நோயாளிகளுக்காக மருத்துவர்கள் அதை மறுபடி வெளியே எடுத்தார்கள். இன்றும் கொடுக்கிறார்கள்.